ரயில் நிலையச் சுவரில் ஒரு பெயர்

ஹார்லன் ஸ்பிரிங்ஸில் மனிதர்களைவிடப் பலகைகளுக்குத்தான் மரியாதை அதிகம் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். டெக்சாஸின் கிழக்கு ஓரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே கிடக்கிற அந்த ஊரில் மூவாயிரத்துச் சொச்சம் பேர், ஒரு கோழி ஆலை, ஒன்பது சர்ச், இரண்டு சிக்னல். வரலாற்றுப் பலகைகள் மட்டும் பதினான்கு. யாரோ ஒரு கர்னல் ஓர் இரவு படுத்துத் தூங்கிய ஓக் மரத்துக்கு ஒரு பலகை உண்டு. மரம் விழுந்து இருபது வருடமாகிறது, பலகை கல்லாட்டம் நிற்கிறது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எரிந்துபோன இடத்துக்குப் பலகை வர எழுபது வருடம் பிடித்தது. அதுவும் ஊருக்குப் பின்னால், யாரும் காரை நிறுத்தாத வளைவில் நட்டிருக்கிறார்கள்.

இந்தப் பதினான்கையும் மாதம் ஒருமுறை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவர் சேனாபதி. வயது அறுபத்தெட்டு. நாமக்கல்காரர், கால்நடை மருத்துவம் படித்தவர். ஒரு வாளி, சோப்புத் தண்ணீர், பழைய பனியன் துணி இவற்றைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். ஊர் வரலாற்றுச் சங்கத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. மற்ற ஆறு உறுப்பினர்களும் தங்கள் கொள்ளுத்தாத்தாக்களைப் பற்றிப் பேசுவார்கள். கொள்ளுத்தாத்தா இல்லாதவர் சேனாபதி ஒருவர்தான், அதனால் வாளி அவர் கைக்கு வந்தது.

அவர் அந்தச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தது பலகைமேல் உள்ள ஆசையால் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த வரியில் அவர் மனைவி சாரதாவின் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்த ஊர்க் கோழி ஆலைக்கு அரசாங்கத்தின் கால்நடை மருத்துவராக வந்தார் சேனாபதி. தினமும் வெள்ளைக் கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் கோழிகளில் நோய்ப்பட்டவற்றைத் தள்ளிவைக்கிற வேலை. இருபது வருடம் அதையே பார்த்தார். கோழிக்கறியை வாயில் வைப்பதை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டார். ஊர் அவரை 'டாக்டர் சேனா' என்றது. அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் யாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியதில்லை.

சாரதா அப்படியில்லை. வந்த மூன்றாம் மாதமே பழைய ரயில் நிலையத்தில் இருந்த நூலகத்துக்குப் போய், "நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அந்த ரயில் நிலையத்துக்கு ரயில் வருவது நின்று அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், உள்ளே நாலாயிரம் புத்தகம். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி இறந்ததும் பொறுப்பு சாரதாவிடம் வந்தது. வாரம் மூன்று நாளுக்குச் சம்பளம், ஐந்து நாள் வேலை. "ஏனுங்க, வீட்ல உக்காந்து சீரியல் பாக்கறதுக்கு இது தேவலைங்க" என்பாள். ஆலையில் கோழி வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கேதான் வந்து விழும். அவற்றுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, பிஸ்கட் கொடுத்து, ஆறு மணிக்கு ஆலை ஷிப்ட் முடியும்வரை வைத்திருப்பாள்.

இரண்டாயிரத்து எட்டில் பெரிய புயல் அடித்தது. நூலகக் கூரை பாதி பிய்த்துக்கொண்டு போனது. ஊரே அவரவர் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாரதா தன் பழைய மினிவேனில் இருபத்து மூன்று நடை அடித்துப் புத்தகங்களைத் தன் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். நனைந்தவற்றைக் கொடியில் துணி காயப்போடுவதுபோல் காயப்போட்டாள். பதினோரு மாதம் ஹார்லன் ஸ்பிரிங்ஸின் நூலகம் சேனாபதி வீட்டுக் கராஜில்தான் நடந்தது. அவர் கார் பதினோரு மாதம் வெயிலில் நின்றது.

இரண்டாயிரத்துப் பதினாறில் கணையத்தில் கேன்சர் என்றார்கள். நாலே மாதம். ஊரார் துக்க வீட்டுக்கென்று தட்டில் சுட்ட கேசரோல் உணவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பதினாறு கேசரோல், பதினாறிலும் கோழி. அழக்கூடத் தோன்றாமல் அவர் அவற்றை ஒவ்வொன்றாக ஃப்ரீஸருக்குள் அடுக்கினார். பிறகு மகள் ரோஷினியும் அவருமாகச் சாம்பலை எடுத்துக்கொண்டு போய் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தார்கள். முறை அதுதானே, வேறென்ன செய்வது?

திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. அந்த ஊரில் செத்தவர் எல்லோருக்கும் ஒரு கல் இருக்கிறது. பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து. சாரதாவுக்கு ஒன்றுமில்லை. நூலகத்துக்கு வெள்ளையடித்தபோது சுவரிலிருந்து இறக்கிய அவள் போட்டோவைத் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பதினைந்து வருடம் அவளிடம் பிஸ்கட் வாங்கித் தின்ற பிள்ளைகள் வளர்ந்து டாலஸ் பக்கமும் ஹூஸ்டன் பக்கமும் போய்விட்டார்கள். அவள் அந்த ஊரில் இருந்தாளா இல்லையா என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ரோஷினி நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறாள். மருந்துக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே பாட்டு.

"அப்பா, அங்க தனியா இருந்து என்னப்பா பண்றீங்க? இங்க வந்துடுங்க. கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு."

"வரேன் கண்ணு. ஒரு வேலை பாக்கி இருக்குது. அது முடியட்டும்."

அந்தப் பாக்கி வேலை, ரயில் நிலையத்துக்கு வரப்போகும் புதுப் பலகை. கட்டடம் கட்டி நூறாண்டு நெருங்குகிறது என்று சங்கம் ஒரு பலகைக்கு ஏற்பாடு செய்தது. பலகையில் இத்தனை வார்த்தைக்கு மேல் கூடாது என்று கணக்கு. சேனாபதி மூன்று வருடம் வாளி தூக்கிச் சம்பாதித்த நல்ல பெயரையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, தான் எழுதிவந்த ஒரு வரியை வாசித்தார். 'இரண்டாயிரத்து எட்டின் புயலில் கூரை போனபோது நூலகர் சாரதா சேனாபதி புத்தகங்களைத் தம் வீட்டில் வைத்துப் பதினோரு மாதம் நூலகத்தை நடத்தினார்.' சங்கத் தலைவி லொரெய்ன் ஹாட்ச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அழகான வரி, டாக்டர் சேனா" என்றாள். வரைவில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி ஒப்புதல் அடுத்த மாதம் வியாழக்கிழமை.

அன்று வீட்டுக்கு வந்து அவர் ரசம் வைத்துச் சாப்பிட்டார். எட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் வாய்க்கு ருசித்தது.

அந்த வியாழனுக்கு முந்திய சனிக்கிழமை ஊரின் நிறுவனர் தினம். லொரெய்ன் போனில், "ரயில் நிலையத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்" என்றாள். சேனாபதி புதன்கிழமை காலையிலேயே போய்விட்டார். ஜன்னல் துடைத்தார், இலை கூட்டினார். அப்புறம் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பழைய வெண்கலப் பலகையின் முன்னால் போய் நின்றார்.

ரயில் பாதை கொண்டுவந்த பதினொரு பேரின் பெயர் பொறித்த பலகை அது. கட்டடத்தோடு பிறந்தது. இருபது வருடமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறார், ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. அவர் கழுவுகிற பதினான்கும் பெயிண்ட் அடித்த அலுமினியப் பலகைகள். இது அவர் கணக்கிலேயே இல்லை. கன்னங்கரேலென்று, ஓரமெல்லாம் பச்சை பூத்து, எழுத்து எது பின்புலம் எது என்று தெரியாமல் கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. இதற்குப் பக்கத்தில்தானே சாரதாவின் பெயர் வரப்போகிறது? வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நம் வீட்டுப் பூஜை அறையில் ஒரு விளக்கு இப்படிக் கறுத்துக் கிடந்தால் சாரதா விடுவாளா?

வெண்கலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கா தெரியாது? வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் சிங்க்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் தேய்த்ததை இருபத்தைந்து வருடம் பார்த்தவர். நேராக வீட்டுக்குப் போனார். அலமாரியின் மேல்தட்டில் சாரதாவின் பீங்கான் ஜாடி இருந்தது. அவள் கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டு, உருண்டை பிடித்து வைத்த புளி. சமையலுக்கு அவர் கடையில் விற்கிற பாட்டில் புளியைத்தான் வாங்கினார். ஜாடியைத் தொடவில்லை. மற்ற மளிகையையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்ட ரோஷினியும் அதை மட்டும் தொடவில்லை. எட்டு வருடத்தில் அது கருகருவென்று ஆகியிருந்தது. விளக்குத் தேய்க்கப் பழைய புளிதான் நல்லது என்பாள் அவள். அவள் பெயருக்கான இடம் என்பதால் அவள் கைப்பட்ட புளியையே எடுத்தார். முதலில் ஒரு உருண்டை போதும் என்று நினைத்தார். பிறகு ஜாடியோடு கொண்டுபோனார்.

இரண்டு மணி நேரம் தேய்த்தார். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை வைத்து ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் குடைந்தார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் புளிவரை வழித்துப் போட்டார். கழுவிவிட்டு, பளபளப்புக்காகத் திருநீறு போட்டு உலர்ந்த துணியால் ஒரு தேய். அம்மாடி! காலை வெயிலில் பலகை தங்கமாய்த் தகதகத்தது. பதினொரு பெயரும் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்கும்படி நின்றன. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண், "வாவ்" என்றாள். சேனாபதி போட்டோ எடுத்து ரோஷினிக்கு அனுப்பினார். அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள்.

மதியம் லொரெய்ன் வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் பாதி வழியில் நின்றாள். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. எடுத்து மாட்டவில்லை.

"டாக்டர் சேனா, இதை எதை வைத்துத் தேய்த்தீர்கள்?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார், "டாமரிண்ட்" என்று. அவளுக்குப் புரியவில்லை. சமையலில் போடுவது, புளிப்பாக இருக்கும், எங்கள் ஊரில் கோயில் விளக்கையே இதில்தான் தேய்ப்போம் என்று விளக்கினார். விளக்க விளக்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் போய், வரிசையில் மூன்றாவதாக இருந்த பெயரின்மேல் விரலை வைத்தாள். அவள் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அதன் கீழே செங்கல் சுவரில் புளித்தண்ணீர் வழிந்த தடம் தரைவரை இறங்கியிருந்தது.

"அந்தக் கறுப்புதான் அதன் வயது," என்றாள். "நூறு வருடம். என் பாட்டி எங்களை விரலால் தொடக்கூட விடமாட்டாள்." கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அப்புறம் அவர் கையைப் பிடித்து, "இட்ஸ் ஓகே, டாக்டர் சேனா. இட்ஸ் ஓகே," என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவரும் ஒரு மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பார். அந்த இட்ஸ் ஓகேதான் அவரைக் கொன்றது. வீட்டுக்கு வந்தவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கழுவுவது ஒன்றுதான் நம் ஆட்களுக்குத் தெரியும். பழசைக் கண்டால் தேய், கறுப்பைக் கண்டால் தேய். கறுப்பைக் காப்பாற்றி வைக்கிற மனிதர்களும் இருப்பார்கள் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? இருபத்து மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தும் அது தெரியாமல்தானே இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை விழாவில் பலகைமேல் ஒரு நீலத் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்லெட் நிறத்து விரிப்புப் போட்ட மேஜையின் பின்னால் நின்றிருந்த அவரிடம் ஊரார் ஒவ்வொருவராக வந்து, இட்ஸ் ஓகே என்றார்கள். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஹூஸ்டனிலிருந்து வந்த ஒரு நிபுணர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போன நிறம் திரும்பாது, ரசாயனம் பூசி ஒப்பேற்றலாம், எழுத்தின் ஓரங்களில் விழுந்த கீறல் விழுந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமைக் கூட்டம் சர்ச்சின் கீழறையில். முதலில் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வந்தது. சேனாபதிக்குப் பெரிய துண்டாகவே வைத்தார்கள். பராமரிப்புப் பொறுப்பிலிருந்து டாக்டர் சேனாவுக்கு ஓய்வு கொடுக்கலாம், இவ்வளவு காலம் உழைத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு புதுப் பலகை. பழைய பலகையைச் சீர்செய்யும் வேலை பற்றி இதில் ஒரு வாக்கியம் சேர்த்தாக வேண்டும் என்றார் பொருளாளர். சேர்த்தால் வார்த்தைக் கணக்கு மீறுகிறது. ஒரு வாக்கியத்தைக் குறுக்க வேண்டும்.

லொரெய்ன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் வாசித்தாள். "'இரண்டாயிரத்து எட்டின் புயலுக்குப் பிறகு ஊர் மக்கள் நூலகத்தைக் காத்தனர்.' இப்படி வைத்துக்கொள்ளலாமா?"

ஊர் மக்களா? எந்த ஊர் மக்கள்? இருபத்து மூன்று நடை அடித்தது யார்? கராஜில் ஃபேன் போட்டுப் பக்கம் பக்கமாக உலர்த்தியது யார்? எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று சேனாபதிக்குத் தொண்டைவரை வந்தது. இதைக் கேட்பதற்குத்தானே மூன்று வருடம் வாளி தூக்கினார். ஆனால் மேஜையின் மறுபக்கம் லொரெய்னின் விரல் நுனியைப் பார்த்தார், கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தடவிய விரல். அவர்கள் வீட்டுப் பெயரை அழித்துவிட்டு என் வீட்டுப் பெயரை எழுது என்று எந்த வாயால் கேட்பது?

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்," என்றாள் லொரெய்ன்.

ஆறு கை எழுந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பிரயாசைப்பட்டார்கள். சேனாபதி தன் வலது கையைத் தூக்கினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரேதான் தூக்கினார். கட்டை விரல் நகத்துக்கடியில் புளியின் கறுப்பு இன்னும் போகாமல் இருந்தது.

"ஏகமனதாக," என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவர் நூலகத்துக்குப் போய் சங்கத்தின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சாரதா இருந்த பதினைந்து வருடத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூலகர் என்று ஓரிடத்தில் இருந்தது, பெயர் இல்லை. புயல் இருந்தது, கூரை இருந்தது, அவள் இல்லை. கடைசி ஏட்டில் மட்டும் ஒரு வரி. 'நூற்றாண்டுப் பலகைக்கு நேர்ந்த சேதம்: டாக்டர் சேனாபதி, தவறான முறையில் சுத்தம் செய்ததால்.' அந்த ஊர் உள்ளவரை அந்தப் பெயர் அந்த ஒரு வரியில் இருக்கும். அவளுடைய பெயரின் பின்பாதியும் அதுதான். புத்தகத்தை மூடி நூலகப் பெண்ணிடம் கொடுத்து, தேங்க்யூ சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஷினி கூப்பிட்டாள். அவள் பாட்டைத் தொடங்கும் முன்பே அவர், "வந்துடறேன் கண்ணு," என்றார்.

"நெஜமாவாப்பா? அந்த வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அம்மா பேர் வந்துச்சா? சொல்லவே இல்ல நீங்க!"

அவர் எல்லாவற்றையும் சொன்னார், கை தூக்கியதுவரை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரிப்பா. விடுங்க. அந்த ஊரே வேணாம். அடுத்த மாசம் நான் ஃப்ளைட் புடிச்சு வரேன், ரெண்டு பேரும் பேக் பண்ணிடலாம். ஃபர்னிச்சர் எல்லாம் குடுத்துடலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். அம்மாவோட புளி ஜாடி. அதுல இருக்கறத நான் யூஸ் பண்ணவே மாட்டேன்ப்பா, சும்மா கிச்சன்ல வெச்சுக்கறேன். அம்மா கையால உருட்டினதுன்னு வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

ஜாடி சிங்க்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அவரே தேய்த்துக் கழுவிய ஜாடி. உப்பு வாசனைகூட இல்லாமல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"கண்ணு," என்றார். "அதுலதான் அந்தப் பலகையத் தேச்சேன்."

"கொஞ்சம் எடுத்தீங்களா?"

"அத்தனையும் போட்டுட்டேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். மகள் அல்லவா, திட்டக்கூடிய உரிமை உள்ளவள் உலகத்தில் அவள் ஒருத்திதானே மிச்சம்.

"இட்ஸ் ஓகேப்பா," என்றாள் அவள், மெதுவாக, மரியாதையாக. "இட்ஸ் ஓகே."